பாஞ்சோவும் மூணாவது சரணமும்

புளூகிராஸ் பாஞ்சோ கத்துக்கறவங்க நிறையப் பேர் செய்யற தப்பைத்தான் நானும் செஞ்சேன். முதல் ரெண்டு வருஷம் தனியா வாசிக்கிற பகுதியை மட்டுமே பழகினேன். 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' கையில வந்துட்டா நாமளும் எர்ல் ஸ்க்ரக்ஸ்தான்னு ஒரு நினைப்பு. (அவர் அதைப் பதிவு பண்ணினது 1949ல. அந்த வேகம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வரலை, அது வேற கதை.)

வட்டமா உட்கார்ந்து வாசிக்கிற ஜாமுக்குப் போனப்புறம்தான் கணக்கு புரிஞ்சது. ஒரு பாட்டுல எனக்குத் தனியா கிடைக்கிறது அரை நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் நான் பக்கவாத்தியம். அது தெரியாம, யார் பாடினாலும் அதே ரோலை அதே சத்தத்துல உருட்டிக்கிட்டு இருந்தேன். பாஞ்சோ சத்தம் சும்மா இல்லீங்க. மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டின முகப்பு, அதுக்கு மேல உலோகக் கம்பி, விரல்ல உலோகப் பிக்கு வேற!

ஒரு நாள் வயசான அம்மா ஒருத்தங்க மெதுவான பாட்டு ஒண்ணை எடுத்தாங்க. சன்னமான குரல். ரெண்டாவது சரணத்தோட நிறுத்திட்டு, சிரிச்சுக்கிட்டே "அடுத்து யாரு?"ன்னுட்டாங்க. மறந்துட்டாங்க போலன்னு நினைச்சேன். கிளம்பும்போது கிடார்காரர் பெட்டியை மூடிக்கிட்டே கேட்டார்: "அந்தப் பாட்டு எதைப் பத்தினது?"

எனக்குத் தெரியலை. அவரும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள்ல இருந்து வாம்பிங் பழக ஆரம்பிச்சேன். பாஞ்சோவோட அஞ்சு கம்பியும் ஜி கார்டுக்குச் சுருதி சேர்த்தது. இடது கையால தொடாம விட்டா எல்லாம் ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும். அதனால அஞ்சாவது கம்பியை விட்டுட்டு, மத்த நாலையும் விரலால மூடிப் பிடிக்கணும். ஜி-க்கு நாலாவது கம்பியில இருந்து 5, 4, 3, 5ன்னு ஃப்ரெட். ரெண்டாவது, நாலாவது தட்டுல மட்டும் சேர்த்துக் கிள்ளணும். கிள்ளின உடனே இடது கை அழுத்தத்தைத் தளர்த்தணும், ஆனா விரலைக் கம்பியை விட்டு எடுக்கக்கூடாது. 'சக்'னு கேட்டு உடனே அடங்கணும். எழுதறதுக்கு சுலபம். சுண்டுவிரல் மூணு வாரம் வலிச்சது.

கூடவே ஜே.டி. க்ரோவோட 1975 ஆல்பத்தை, பாஞ்சோ தனியா வர்ற இடத்தைத் தாண்டித் தாண்டிக் கேட்டேன். டோனி ரைஸ் பாடும்போது மனுஷன் பின்னாடி என்ன பண்றார்னு அப்பத்தான் காதுல விழுந்தது. வரி முடிஞ்சு பாடறவர் மூச்சு வாங்கற இடத்துல குட்டியா ஒரு பதில், அப்புறம் ஒதுங்கிடறார்.

அடுத்த மாசம் அந்தம்மா அதே பாட்டை எடுத்தாங்க. மாண்டலின்காரர் 'சக்' போட ஆரம்பிச்சதும், ரெண்டு பேருக்கும் ஒரே வேலை எதுக்குன்னு நான் தடிமனான கம்பிகள்ல, கீழ் ஸ்தாயியில, மெல்ல உருட்டினேன். மாண்டலின் தனியா வாசிக்கப் போனப்போ 'சக்' என் கைக்கு வந்தது.

சுரங்கத்துக்குப் போன அண்ணனைப் பத்தின பாட்டு அது. மூணாவது சரணத்துல அவன் திரும்பி வரலை. அந்த இடத்துல என் கை தானா நின்னுடுச்சு.

அடுத்த பாட்டுல கிடார்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தனியா வாசிக்கச் சொல்லி. ரெண்டு இடத்துல தப்பு விட்டேன்.