மேஜை நடுவே ஒரு டெலிபோன்

நீலகிரிக்குப் போகிறவர்கள் தொட்டபெட்டாவைப் பார்க்கிறார்கள், வர்க்கி வாங்குகிறார்கள், திரும்பி விடுகிறார்கள். வெளியூர்களோடு ஓயாமல் பேசியாக வேண்டிய ஆராய்ச்சி நிலையங்கள் அந்த மலையில் இருப்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் 1970-ல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி, முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதை நடத்தும் மையம் புனேயில். அங்கேயே இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமையகம் சிம்லாவில். ஊட்டியின் காஸ்மிக் கதிர்க் கூடத்துக்கோ ஜப்பானில் கூட்டாளிகள். 2014 டிசம்பரில் தலைக்கு மேலே போன ஓர் இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததாக அளந்து சொன்னது அந்தக் கூடந்தான்!

இத்தனை ஊர்க்காரர்களும் ஒரே சமயத்தில் பேச, மேஜை நடுவே ஒரு கான்பரன்ஸ் டெலிபோனை வைத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. அங்கிருந்து வந்த குரல் இங்குள்ள ஸ்பீக்கரில் ஒலித்து, மைக்குக்குள் புகுந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகும். பேசியவர் தம் குரலையே கேட்டுத் திகைப்பார். பழைய கருவிகள் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் செய்தன: ஒரு பக்கம் பேசினால் மறு பக்கத்தை அடைத்து விடுவது. உரத்த குரல்காரருக்கு யோகம். மெல்லப் பேசுகிறவர் வாயைத் திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. இப்போதைய கருவி, ஸ்பீக்கரில் போன ஒலியை நினைவில் வைத்துக் கொண்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்து விடுகிறது. ஆனாலும் வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள அறையில் அது திண்டாடத்தான் செய்யும். கனத்த திரைச்சீலை போட்டால் பாதிக் கஷ்டம் தீரும்.

ரேடியோ தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கவலை. வானத்தின் மிக மெல்லிய ஒலிபரப்பைக் கேட்கக் காத்திருக்கும் இடம் அது. கம்பியில்லாக் கருவிகள் அங்கே ரொம்ப நாசூக்கில்லாத விருந்தாளிகள். கம்பியில் பேசுவதே மரியாதை.

ஆனால், எந்தக் கருவியாலும் தீராத சங்கடம் ஒன்று உண்டு. மேஜையில் டெலிபோன் யார் முன்னால் இருக்கிறது?

ஓர் ஆடி மாதம், நாவலுக்கு விஷயம் தேடி அந்த மலையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டிக் கொண்டிருந்தது. நீண்ட மேஜை, டெலிபோன் பெரியவர் முன்னால். முந்தின நாள் அளவு ஏன் தாறுமாறாக ஏறியது என்று இரண்டு நகரங்கள் இருபது நிமிஷமாக வாதாடின. மேகமா, மென்பொருளா, காற்றின் அழுத்தமா? வாசற்படியோரம் உட்கார்ந்திருந்த உதவியாளர் இரண்டு தடவை ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது, நகரங்களுக்குக் கேட்கவில்லை. இரவெல்லாம் கருவியோடு கிடந்தவர் அவர் ஒருவரே. விருந்தாளி நான் குறுக்கே பேசலாமா என்று தயங்கினேன்.

டெலிபோனை அமைத்துக் கொடுத்த பொறியாளர், இருபத்தைந்து வயசுப் பெண், எழுந்து வந்தாள். பெரியவரைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, கருவியைத் தூக்கிக் கடைசி நாற்காலி வரைக்கும் கொண்டு போனாள். கம்பி அத்தனை தூரம் எட்டியது அதிர்ஷ்டம்.

"இப்பச் சொல்லுங்க அண்ணா."

"ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போய் வந்துதுங்க. அதுக்கப்புறம்தான் ஏறிச்சு."

நகரங்கள் இரண்டும் மௌனமாயின. பிறகு ஒரு குரல், "யார் பேசியது?" என்றது. அவர் பெயரைச் சொன்னார். அவர்கள் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக் கொண்டார்கள்.

மறு வாரமே மேஜையின் இரு முனைக்கும் கம்பி போட்ட துணை மைக்குகள் வந்து விட்டனவாம்.