மாற்றச் சொல்வது எளிது

சிஎன்சி மிஷின் நின்றுபோனால், டிரைவ்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை முழுசாக மாற்றச் சொல்வது சர்வீஸ்காரர்களின் வழக்கம். 200 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை ஏறத்தாழ 280 வோல்ட் டிசியாக்கித் தருகிற பெட்டி அது. விலையைக் கேட்டதும் ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். கோவை கணபதி வட்டாரத்து ரிப்பேர் மேசைகளில் நான் பார்த்த அளவில், உள்ளே கெட்டிருப்பது அநேகமாகச் சில பாகங்கள்தான். கூலன்ட் புகையும் இரும்புத் தூசும் சேர்ந்து கறுப்புப் பிசினாகி ஃபேனைப் பிடித்துவிடுகின்றன. காற்றில்லாமல் சூடேறிய கப்பாசிட்டர்கள் உள்ளுக்குள் காய்கின்றன. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். தலை உப்பியதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். உப்பாமலே செத்துப்போனதை மீட்டர் வைத்துத்தான் பிடிக்க முடியும். புதுப் பாகம் வைத்ததும் நேராகக் கரண்ட் கொடுத்துவிட மாட்டார்கள். வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டுவார்கள். பல்பு பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, போர்டு தப்பித்தது.

ரிப்பேர் செய்தது நிற்காது, மாதம் திரும்புவதற்குள் மறுபடி போகும் என்பார்கள். போகிறதுதான், மறுக்கவில்லை. வெடித்த ஒரு கப்பாசிட்டரை மட்டும் மாற்றி, அதே வயதுள்ள மற்றவற்றையும் சிக்கிய ஃபேனையும் அப்படியே விட்டால் போகாமல் என்ன செய்யும்? அப்படி ஏன் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. பல போர்டுகள் பட்டறையிலிருந்து நேராக மேசைக்கு வருவதில்லை, நடுவில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார். முதலாளியிடம் பெரிய பில் போடும் அவர், பழுது பார்ப்பவருக்குக் கிள்ளிக் கொடுக்கிறார், நாளைக்கே வேண்டும் என்கிறார். சர்க்யூட் படத்தைக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை. ஐசி நம்பரைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. நல்ல போர்டு ஒன்றைப் பார்த்து, தடம் தடமாகப் படம் வரைந்து, கெட்டதற்குக் காரணம் தேடுகிற அந்த நேரத்துக்குப் பில்லில் ஒரு வரிகூட இல்லை. ரிப்பேருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது இந்தக் கூலி முறை. திட்டு வாங்குவது சால்டரிங் பிடிப்பவர்.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்யலாம் என்று வாதாடவில்லை. ஐஜிபிடி என்கிற பவர் சுவிட்ச் வெடித்து போர்டே கரியாகியிருந்தால் மாற்றுவதுதான் முறை. பழைய மிஷினுக்கோ பல நேரம் புதுப் பெட்டி கிடைப்பதே இல்லை. அங்கே மாற்றுவது என்றால் கன்ட்ரோலரையே மாற்றுவது. ரிப்பேர் சரியில்லை என்றால் சட்டத்தை நம்பவும் வழி குறைவு: வியாபாரத்துக்கு வாங்கியவரை, சுயதொழிலில் பிழைப்பவர் நீங்கலாக, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே எண்ணுவதில்லை. ஆகவே பட்டறைக்காரர்களே, போர்டை மேசைக்கு நேராகக் கொண்டுபோங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், லோடு கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கண்டுபிடித்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.