பலாலியும் மீனம்பாக்கமும்

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வான்வழியே ஏறக்குறைய 355 கிலோமீற்றர், இரத்மலானை 330. யாழ்ப்பாணத்தார்க்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவே. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கியே சென்னைக்கு ஏகிற்று. பின்னாளில் அவ்வழி பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது.

2012இல் என் தமக்கையார் சென்னையில் காலமானார். வடக்கே செல்லவேண்டிய யான், இரவெல்லாம் பேருந்தில் தெற்கே கட்டுநாயக்கா சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கே பறந்தேன். போய்ச் சேருமுன் தகனம் முடிந்துவிட்டது. அவர் திருமுகத்தை யான் காணவில்லை.

2019 நவம்பரில் பலாலி வழி மறுபடி திறந்தது; 2020இல் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட பயணமே அது. துயரச் செய்தி கேட்டுப் புறப்படுவோர்க்கு அவ்வழி இனியேனும் அடைபடாதிருக்க இறைவன் அருள்வானாக.