கேஷ்னு பேர் வச்சா அழிக்கத்தானே செய்வாங்க!

மு.கு: லினக்ஸ் பக்கமே போகாதவங்களும் இதைப் படிக்கலாம். நடுவுல சாய்கோடு போட்ட பேருங்க கொஞ்சம் வரும். பயப்படாம தாண்டிப் போயிடுங்க :-)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, வெட்கப்பட்டுக்கிட்டு தள்ளிப்போட்ட விஷயம் இது. 2022-ல நடந்தது.

ஒரு லாரி கம்பெனிக்கு நாங்க சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். சரக்கை இறக்கினதும், வாங்கிக்கிட்டவங்க ரசீதுல கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுப்பாங்க. டிரைவர் அதை மொபைல்ல படம் எடுத்து ஏத்தணும். அந்தப் படம் இருந்தாத்தான் வாடகை பில் பாஸாகும். அதாவது ஒவ்வொரு படமும் காசு.

சர்வர் அவங்க ஆபீஸ்லயே இருந்தது. டெபியன் லினக்ஸ். அதுல எங்க சாஃப்ட்வேரை நிறுவுறதுக்கான பேக்கேஜைத் தயார் பண்றது என் வேலை. ஆரம்பத்துல ஒரிஜினல் படங்கள் எல்லாம் வேற ஒரு பழைய சர்வர்ல இருந்துச்சு. எங்க சாஃப்ட்வேர் அதை எடுத்து, பட்டியல்ல காட்டுறதுக்கு சின்னச் சின்னப் பிரதியா செஞ்சு வச்சுக்கும். அந்தச் சின்னப் படங்களை /வார்/கேஷ்-க்குள்ள ஒரு ஃபோல்டர்ல போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரி.

அப்புறம் அந்தப் பழைய சர்வரை நிறுத்தப் போறதா சொன்னாங்க. ஒரிஜினலையும் நாமளே வச்சுக்கணும். மறுநாள் ரிலீஸ். ராத்திரி பத்து மணி. புது இடம்னா புது ஃபோல்டர் உருவாக்கணும், பர்மிஷன் கொடுக்கணும், எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும். ஏற்கனவே ஒரு ஃபோல்டர் இருக்கு, பர்மிஷன் இருக்கு, வேலையும் செய்யுது. அதுக்குள்ளேயே "ஒரிஜினல்"னு இன்னொரு ஃபோல்டர். ஒரே ஒரு வரி மாத்தம். போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

எட்டு மாசம் எந்தப் பிரச்சனையும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அந்தக் கம்பெனியோட சிஸ்டம் அட்மின் ஐம்பது வயசைத் தாண்டினவர். எது இடத்தை அடைக்குதுன்னு பார்த்திருக்கார். /வார்/கேஷ் பெருசா நின்னுச்சு. உள்ள இருந்ததை அழிச்சார், சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணார், எல்லாம் ஓடுதுன்னு பார்த்துட்டுத் தூங்கப் போயிட்டார்.

திங்கட்கிழமை காலைல பில்லிங் செக்‌ஷன்ல எந்த ரசீதைத் திறந்தாலும் வெறும் கட்டம்.

சரி, பேக்கப் இருக்குமேன்னு கேக்குறீங்களா? இருந்துச்சு. ஆனா பேக்கப் ஸ்கிரிப்ட்ல /வார்/கேஷ் வேண்டாம்னு விட்டிருந்தாங்க. அதுவும் சரியான முடிவுதான். கேஷை யாராவது பேக்கப் எடுப்பாங்களா?

இங்க கதையை நிறுத்திட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். லினக்ஸ்ல எதை எங்க வைக்கணும்னு ஒரு எழுதப்பட்ட ஒப்பந்தமே இருக்கு. 1994-ல முதல் வடிவம் வந்துச்சு. அப்புறம் ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட்னு பேர் மாறி, 2004-ல 2.3, 2015-ல 3.0-ன்னு வந்துச்சு. சுருக்கமா எஃப்.எச்.எஸ். காலேஜ்ல "லினக்ஸ் டைரக்டரி ஸ்ட்ரக்சரை விளக்குக"ன்னு கேட்டப்ப படம் வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். ஒரு தடவை கூட முழுசா படிச்சதில்ல, ஹிஹி.

அந்த ஒப்பந்தம் அடிப்படையா ரெண்டு கேள்விதான் கேட்குது. இந்த ஃபைல் தானா மாறுமா, மாறாதா? இதை வேற மெஷினோட பகிர்ந்துக்கலாமா, கூடாதா? மாறாத புரோகிராம் எல்லாம் /யூஎஸ்ஆர். அதை 'படிக்க மட்டும்'னு பூட்டி வச்சாலும் சிஸ்டம் ஓடணும். (1971-ல வந்த முதல் யூனிக்ஸ்ல /யூஎஸ்ஆர்-ங்கிறது ஆளுங்களோட வீடு. இப்ப அங்க ஆளே இல்ல, பேர் மட்டும் மிச்சம்.) இந்த மெஷினுக்கான செட்டிங்ஸ் /எட்சி. ஓட ஓட மாறுற எல்லாம் /வார்.

/வார்-க்குள்ளதான் விஷயமே இருக்கு. லாக் எழுத ஒரு இடம். வரிசையில நின்னு வேலை முடியக் காத்திருக்கிறதுக்கு /வார்/ஸ்பூல். அப்புறம் அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு பேர்: /வார்/லிப், /வார்/கேஷ். ரெண்டுலயும் சாஃப்ட்வேர் தானே எழுதி வச்ச ஃபைல்தான் இருக்கும். வெளியிலேருந்து பார்த்தா ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. கேஷ்ல இருக்கிறதை யாராவது கையால அழிச்சாலும் சாஃப்ட்வேர் அதைத் திரும்பத் தயார் பண்ணிக்கணும், ஒரு தகவலும் போகக் கூடாது. லிப்ல இருக்கிறது போனா போனதுதான்.

உங்க டெபியன்லயோ உபுண்டுலயோ இதைக் கண்ணால பார்க்கலாம். ஏ.பி.டி. இறக்கின பேக்கேஜ் ஃபைலெல்லாம் /வார்/கேஷ்/ஏபிடி-க்குள்ள இருக்கும். அதைக் காலி பண்ணுங்க, ஒண்ணும் ஆகாது, வேணும்னா திரும்ப இறக்கிக்கும். ஆனா எந்தெந்த பேக்கேஜ் நிறுவியிருக்குங்கிற கணக்குப் புத்தகம் /வார்/லிப்/டிபிகேஜி-ல இருக்கு. அதை அழிச்சா, மெஷினுக்குத் தன்கிட்ட என்ன இருக்குன்னே மறந்து போயிடும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், டாக்கர் எல்லாம் தங்களோட சொத்தை /வார்/லிப்-ல வைக்கிறது சும்மா இல்ல. டெபியன்ல போஸ்ட்கிரெஸ்ஸை அடியோட நீக்கச் சொன்னா, "டேட்டாவையும் அழிக்கட்டுமா?"ன்னு தனியா ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் தொடும்.

ஆக, இது ஃபோல்டர் அழகா அடுக்குற சமாச்சாரம் இல்ல. நாம எழுதின ஒரு வரி கோடைக்கூடப் படிக்காத ஒரு ஆள், ராத்திரி தூக்கக் கலக்கத்துல, எதை அழிக்கலாம்னு முடிவு பண்றதுக்கு நாம விட்டுட்டுப் போற குறிப்பு. நான் தப்பான குறிப்பை எழுதி வச்சுட்டேன்.

சரி, கதைக்கு வருவோம்.

திங்கட்கிழமை மதியம் ஒரு கால். அந்தக் கம்பெனி மேனேஜர் அட்மின் சாரைக் கிழிச்சுக்கிட்டு இருந்தார். "யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"கேஷ்னு இருந்துச்சு சார்... அழிக்கலாம்னு..." அவரால முடிக்கவே முடியல.

எங்க லீடுக்கு நான் செஞ்சது தெரியாது. "அழிக்கிறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னு சொன்னார். அட்மின் சார் பதிலே சொல்லல.

நான் மியூட்ல இருந்தேன். விரல் அந்த பட்டன் மேலதான் இருந்துச்சு. அமுக்கல. கால் முடிஞ்சுது.

படங்கள் போனதை விட, அந்த மௌனம்தான் என்னை இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. அந்த மனுஷன் ஒரு தப்பும் பண்ணல. அவருக்கு எஃப்.எச்.எஸ்.னு ஒண்ணு இருக்கிறது தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அதுல எழுதியிருக்கிறபடி நடந்துக்கிட்டவர் அவர். இன்ஜினியரிங் முடிச்சு பேக்கேஜ் எழுதுற நான்தான் அதை மீறினவன். திட்டு விழுந்தது அவருக்கு.

அன்னைக்கு ராத்திரிதான் அந்த ஒப்பந்தத்தைத் திறந்து முதல் தடவையா ஒழுங்காப் படிச்சேன். கேஷ் பத்தின பகுதி ரொம்பச் சின்னது. படிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

மறுநாள் காலைல லீட்கிட்ட உண்மையைச் சொன்னேன். கத்துவார்னு பார்த்தா, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நேத்தே சொல்லியிருக்கலாமேடா"ன்னார். தப்பு எங்க பக்கம்தான், உங்க அட்மின் செஞ்சது முறையான வேலைன்னு அவங்க மேனேஜருக்கு மெயில் போச்சு. அப்புறம் நானே அட்மின் சாருக்கு போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் ரொம்ப அமைதியாச் சொன்னார்: "குப்பைன்னு எழுதின டப்பாவுல நகையை வச்சுட்டு, கூட்டுற பொம்பளையைத் திட்டுனா நியாயமா தம்பி?" பதில் சொல்ல முடியல. "சரி விடுங்க, சொன்னீங்களே"ன்னு வச்சுட்டார்.

டிரைவர்கள் மொபைல்ல இருந்த படங்கள், ஆபீஸ்ல கட்டி வச்சிருந்த காகித ரசீதுகள்னு மூணு வாரம் உட்கார்ந்து திரட்டினோம். பெரும்பாலானது கிடைச்சுது. சிலது கிடைக்கவே இல்ல. அந்த பில்லெல்லாம் என்னாச்சுன்னு கேக்குற தைரியம் எனக்கு வரல.

அதுக்கப்புறம் எந்த பேக்கேஜை ரிவியூ பண்ணாலும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "இப்ப இதை அழிச்சா திரும்ப வருமா?" வரும்னா கேஷ். வராதுன்னா லிப். "வரும்னு நினைக்கிறேன்"னு யாராவது சொன்னா, அங்கேயே அழிச்சுப் பார்த்துடுவோம். டெஸ்ட் சர்வர்லதாங்க :-)

இப்ப சிஸ்டம்-டி இருக்கிறதால இது இன்னும் சுலபம். சர்வீஸ் ஃபைல்ல ஸ்டேட் டைரக்டரி, கேஷ் டைரக்டரின்னு தனித்தனியா ஒரு வரி எழுதினாப் போதும். ஃபோல்டரை உருவாக்கி பர்மிஷனும் அதுவே கொடுத்துடும். இந்த வசதி 2017-லயே வந்தாச்சு. அன்னைக்கு ராத்திரி நான் மிச்சம் பிடிச்ச வேலை மொத்தமே ரெண்டு வரிதான்னு நினைச்சா சிரிப்பா வருது, அழுகையாவும் வருது.

ஆனா சிஸ்டம்-டி-யும் இந்த மாதிரி இடத்துல சறுக்கியிருக்கு. 2024 ஜூன்ல வந்த 256-ஆம் பதிப்புல, டெம்ப் ஃபைல்ஸ்னு பேர் கொண்ட கருவிக்கு 'பர்ஜ்'னு ஒரு புது வசதி கொடுத்தாங்க. பேரை நம்பி தற்காலிக ஃபைல்தானே போகும்னு ஓட்டினா /ஹோம்-மும் சேர்ந்து போச்சு. அந்தக் கருவி உருவாக்குற இடங்களோட பட்டியல்ல /ஹோம்-மும் இருந்ததுதான் காரணம். சத்தம் கிளம்பினதும் அடுத்த திருத்தப் பதிப்புலயே பாதுகாப்பு வச்சாங்க. பேர் ஒண்ணு, உள்ள இருக்கிறது வேறன்னா, பெரிய கைகளுக்கும் இதே கதிதான்.

எங்க பேக்கேஜோட அடுத்த பதிப்புல ஒரிஜினல் படங்களை /வார்/லிப்-க்கு மாத்திட்டோம். அட்மின் சார் இன்னமும் டிஸ்க் நிறைஞ்சா முதல்ல /வார்/கேஷைத்தான் காலி பண்றாராம். பண்ணட்டும். இப்ப அங்க சின்னப் படங்கள் மட்டும்தான் இருக்கு.

பி.கு: இன்னைக்கு நேரம் கிடைச்சா, உங்க பேக்கப் ஸ்கிரிப்ட்ல எந்தெந்த ஃபோல்டரை வேண்டாம்னு விட்டிருக்கீங்கன்னு ஒரு தடவை பாருங்க. அதுக்குள்ள என்னை மாதிரி ஒருத்தன் எதையாவது வச்சிருக்கானான்னும் பாருங்க.