விடுபட்ட சுழியம்

வானொலியில் எண்களை நிறுத்தி நிதானமாகச் சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. அப்படிப்பட்ட நானே ஒருமுறை எண்ணைப் பார்த்து ஏமாந்தேன்.

நேயர்களுக்கு ஒரு புதிர்ப்போட்டி நடத்தினோம். பரிசு, புத்தகப் பற்றுச்சீட்டு. வெற்றியாளர்களின் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு கல்லூரி மாணவிக்கு 11 இலக்கங்களே இருந்தன. உடனே அழைத்தேன்.

“தங்கச்சி, ஐசி நம்பரைத் தப்பா கொடுத்திருக்கீங்களே?”

“இல்லக்கா, சரியாத்தான் கொடுத்தேன்.”

12 இலக்கம் இல்லையென்றால் பரிசு இல்லை என்பது விதி. அடுத்தவரை அழைத்துவிட்டேன்.

மாலையில் பட்டியலை மீண்டும் புரட்டியபோதுதான் உறைத்தது. இலக்கம் குறைந்தவர்கள் எல்லாரும் 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்!

நம் அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2003இல் பிறந்தவருக்கு 03 என்று தொடங்கும். எங்கள் தரவுத்தளமோ அதை முழு எண்ணாகச் சேமித்திருந்தது. கணக்குக்கு 03ம் 3ம் ஒன்றுதானே? முன்னால் நின்ற சுழியம் காணாமல் போனது. 2000 ஜனவரியில் பிறந்தவருக்கு மூன்று சுழியங்கள் போய் 9 இலக்கங்களே மிஞ்சும்.

“12 இலக்கம்னுதானே அமைச்சிருக்கீங்க?” என்று கணினிப் பிரிவு நண்பரிடம் கேட்டேன்.

“அது 12க்கு மேல போகக்கூடாதுங்கிற வரம்புதான். குறையக்கூடாதுன்னு அது சொல்லாது” என்றார். பணத்துக்கும் இதே கதைதான். ஐந்து இலக்கம், அதில் இரண்டு சென்னுக்கு என்று அமைத்தால் 999.99 ரிங்கிட் வரைதான் கொள்ளும். ஆயிரம் ரிங்கிட் நுழையாது. “கூட்டிக் கழிக்கிறதை எண்ணா வைங்க. அடையாள எண்ணை எழுத்தா வெச்சு, 12 இலக்கம் இருக்கான்னு சோதிங்க” என்றார்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கும், விடுபட்ட மற்றவர்களுக்கும் பற்றுச்சீட்டு போய்ச் சேர்ந்தது. “பரவாயில்லக்கா” என்றார். ஆனாலும், கணினியைச் சந்தேகிக்காமல் ஒரு பிள்ளையைச் சந்தேகித்தது இன்னும் உறுத்துகிறது.

கோயிலுக்கோ வகுப்புக்கோ நீங்கள் எக்செலில் பெயர்ப்பட்டியல் தயாரிப்பவரா? ஐசி, தொலைபேசி எண்களைத் தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.