வரைபடத்தில் வைக்காத வழி

என் ஊரின் பெயரை இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாததற்குக் காரணம் பின்னால் வரும்.

வேலூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒருநாள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து என் ஊரைத் தேடினேன். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை இருந்தது. ரயில் பாதை இருந்தது. பாலாறு நல்ல நீல நிறத்தில், கரை தளும்ப ஓடுவதுபோல் இருந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு தோல் தொழிற்சாலைகளைச் சுற்றுச்சுவரோடு யாரோ வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தெரு இல்லை, கோயில் இல்லை, ரேஷன் கடை இல்லை. வெறும் வெளிர் நிறம்.

அந்த வெளிர் நிறத்துக்குள்தான் என் சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஷூவின் மேல்பாகத்தை இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பார். 'அப்பர்' என்று சொல்வார்கள். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடுவார், தைத்து முடித்ததை எடுத்துப்போவார். கூலி ஜோடிக் கணக்கு. கம்பெனிக்குப் போகிற பெண்களுக்காவது விடியற்காலையில் வேன் வரும், கழுத்தில் அட்டை தொங்கும், பி.எஃப். பிடிப்பார்கள். வீட்டில் தைப்பவர்களுக்கு அது எதுவும் கிடையாது. அவர்கள் தைத்த ஷூ கடல் தாண்டிப் போகிறது. அவர்கள் தெரு வரைபடத்தில்கூட ஏறவில்லை.

கோபம் வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் அன்றைக்கே கணக்குத் தொடங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அந்த நாட்டு அரசு நில அளவைத் துறையின் தரவை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருந்தது. அப்படியானால் நாமே அளந்து நாமே வரைவோம் என்று ஆரம்பித்தார்கள். விக்கிப்பீடியாபோல யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம்; உரிய பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். வரைவதற்கு உலாவியிலேயே திறக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. வானிலிருந்து எடுத்த படம் அடியில் விரிந்திருக்கும். அதன்மேல் தெருவைக் கோடாக, வீட்டைக் கட்டமாக இழுக்கவேண்டும். பிறகு அது என்ன என்று குறிச்சொல் கொடுக்கவேண்டும்: குடியிருப்புத் தெரு, கிணறு, பள்ளிக்கூடம். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது; அது அவர்கள் உடைமை.

இப்படிச் சேர்ந்த தரவை இறக்கி நமக்குத் தேவையான வரைபடமாக அச்சிட கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். இதே வேலைக்கு விற்கப்படும் மென்பொருளின் உரிமத்துக்குக் கேட்கும் தொகையைச் சொன்னால் சின்னம்மா தைப்பதையே நிறுத்திவிடுவார்.

மூன்று வாரம் இரவும் பகலும் வரைந்தேன். விடுமுறைக்கு வந்தபோது செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு செயலி. நாம் நிற்கும் இடத்தைப் பார்த்து அதுவே கேள்வி கேட்கும். இந்தத் தெருவில் விளக்கு உண்டா? தரை மண்ணா, சிமெண்டா? பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். ஒரு பெண் தெருமுனையில் நின்று போனைப் பார்த்து மேலும் கீழும் நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்துவந்து, "யாரு சொல்லி அளக்கிற?" என்றார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த மண்ணில் அளக்க வந்தவர்கள் எல்லாம் வரி போடவோ நிலம் எடுக்கவோதான் வந்திருக்கிறார்கள். நான் வரி போட வரவில்லை, எங்க சின்னம்மா வீடு இந்தத் தெருதான் என்று சொன்ன பிறகு அவரே கிணறுகளைக் காட்டினார். எந்தக் கிணறு எந்த வருடம் கெட்டது என்று வரிசையாகச் சொன்னார்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்ட மாணவிகள் எல்லாரும் படிப்பார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேர்பிடித்தது அதில்தான். இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 35,000 என்பது எண். டீக்கடைக்காரர் சொன்னது கிணறு கிணறாக. அதை எழுத இந்த வரைபடத்தில் இடம் இருக்கிறது: கிணறு என்று குறித்து, குடிநீர் இல்லை என்றும் குறிக்கலாம். ஏழு கிணறுகளை அப்படிக் குறித்தேன்.

அதே வேகத்தில்தான் அந்தத் தவற்றையும் செய்தேன்.

ஊருக்குப் பின்புறம், சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுந்து ஆற்று மணலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. வானிலிருந்து எடுத்த படத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அதை வரைந்து, நடைபாதை என்று குறித்தேன். விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் விட மனம் வரவில்லை. விடியலுக்கு முன் பெண்கள் ஒதுங்கப் போகும் வழி என்று எழுதினேன். பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்கிறேன் என்ற பூரிப்பு. இதற்குமுன் உலகத்தில் எந்த வரைபடத்திலும் எழுதப்படாத உண்மை ஒன்றை எழுதிவிட்டதாக நினைப்பு.

மடிக்கணினியைச் சின்னம்மாவிடம் காட்டினேன். ஊசியைக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊரா இது? இன்னாடி, நம்ம வூடுகூட கீது!"

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். குழாயடி, பால்வாடி, வேன் நிற்கிற இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அந்தக் கோட்டையும் காட்டி, எழுதியிருந்ததை வாசித்தேன்.

ஊசி நின்றது.

"இத யாரு பாப்பாங்க?"

"யார் வேணா பாக்கலாம் சின்னம்மா. உலகத்துல யார் வேணா."

"ஆம்பளைங்களும்?"

நான் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இருட்டுல எந்த நேரம் போறோம், எங்க போறோம்னு எழுதியே வெச்சிட்டியா?"

எங்கள் ஊரில் கழிப்பறை இல்லாமல் இல்லை. திட்டத்தில் கட்டிய கழிப்பறைகள் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. பல வீடுகளில் அதற்குள் விறகு இருக்கிறது, சின்னம்மா வீட்டில் அப்பர் மூட்டை இருக்கிறது. ஊற்றத் தண்ணீர் எங்கே? லாரித் தண்ணீரைக் குடம் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில் அதைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டமுடியுமா? நான் குறித்த ஏழு கிணறுகளும் அந்தப் பாதையும் ஒரே சங்கதிதான். வரையும்போது எனக்கு அது தெரியவில்லை. அவை தனித்தனி அடுக்குகளில் இருந்தன.

அன்றிரவே அழித்தேன். அழித்த பிறகுதான் தெரிந்தது, இங்கே அழிப்பது என்றால் சிலேட்டைத் துடைப்பது அல்ல. வரைபடத்திலிருந்து கோடு போய்விடும். ஆனால் யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார், எப்போது அழித்தார் என்ற வரலாறு தங்கிவிடும். தேடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். அந்தரங்கம் சம்பந்தப்பட்டவற்றை வரலாற்றிலிருந்தும் மறைக்கச் சொல்லிக் கேட்கத் தன்னார்வலர்களின் தரவுக் குழு ஒன்று உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்வதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். கணக்குக்கு உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். நடந்த தடத்தைப் பதிவு செய்து ஏற்றுவதானால் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே தெருவை மறுபடி மறுபடி திருத்தினால், நீங்கள் குடியிருக்கும் தெரு எது என்பதை ஊருக்கெல்லாம் சொன்னதாகிவிடும்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, என் திருத்தத்துக்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் கேள்வி எழுதியிருந்தார். வானிலிருந்து எடுத்த படத்தில் பாதை தெளிவாகத் தெரிகிறதே, ஏன் அழித்தீர்கள்? மரியாதையான கேள்விதான். தரையில் இருப்பதை வரை என்பது இந்தச் சமூகத்தின் அடிப்படை விதி. அந்த விதி இல்லாவிட்டால் பிடிக்காத சேரியை ஒருவரும், பிடிக்காத எல்லையை இன்னொருவரும் அழித்துக்கொண்டே இருப்பார்கள். அது எனக்கும் தெரியும். எங்கள் ஊரே அப்படித்தானே இத்தனை நாள் இல்லாமல் கிடந்தது.

பதில் எழுத மூன்று நாள் ஆயிற்று. காரணத்தைச் சொன்னால் அழித்ததையே திரும்ப எழுதியதாகிவிடும். கடைசியில், அந்தப் பாதையைப் பயன்படுத்துகிறவர்களே அது வரைபடத்தில் வேண்டாம் என்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். அவர் புரிந்துகொண்டார், தான் திரும்ப வரையமாட்டேன் என்றார். கூடவே, வேறு யாராவது ஒருநாள் படத்தைப் பார்த்து வரையக்கூடும் என்றும் எழுதினார். அது உண்மைதான்.

இந்தச் சமூகத்தில் பெண்கள் குறைவு. 2010 வாக்கில் நடந்த ஓர் ஆய்வில் பதில் சொன்னவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஆண்கள். அதனால் என்ன ஆகும் என்பதற்கு மோனிகா ஸ்டீவன்ஸ் என்ற புவியியலாளர் 2013இல் எழுதிய கட்டுரை ஓர் உதாரணம் காட்டுகிறது. குழந்தைக் காப்பகத்துக்குத் தனிக் குறிச்சொல் வேண்டும் என்று 2011இல் ஒரு முன்மொழிவு வந்தது, வாக்கெடுப்பில் தோற்றது. மழலையர் பள்ளிக்கு இருப்பதே போதுமே என்றார்கள். மதுக்கூடங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் அப்போதே வகைவகையாகக் குறிச்சொற்கள் இருந்தன. இன்று காப்பகத்துக்கான குறிச்சொல் பரவலாகப் புழங்குகிறது. பயன்படுத்திப் பயன்படுத்தியே நிலைநாட்டிவிட்டார்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. ஆம்பூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனிக் கூரைகளை எல்லாம் வரைந்திருக்கிறோமே, இந்தக் குறிச்சொல்லை எத்தனை இடத்தில் போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க ஒரு மாணவி வந்தால் அதுவே நல்ல ஆய்வேடு.

லத்தீன் அமெரிக்காவில் பெண்கள் 2016இல் ஜியோசிகாஸ் என்று ஒரு குழுவாகக் கூடினார்கள். பெண்களின் பெயர் தாங்கிய தெருக்கள் எத்தனை என்று நகரம் நகரமாக எண்ணி வரைபடம் போட்டார்கள். அதைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. ஆனால் எங்கள் ஊரில் எண்ணத் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் கியூஜிஐஎஸ்ஸில் ஊரைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துப்போனேன். இந்த முறை நான் வரையவில்லை. தாளைத் திண்ணையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர்களே பேசினார்கள். வேன் நிற்கிற இடத்தைப் போடு. அங்கிருந்து தெருவரை விளக்கில்லை என்பதைக் கட்டாயம் போடு. லாரித் தண்ணி நிற்கிற இடம் போடு. டாஸ்மாக்கைப் போடலாமா என்று பெரிய விவாதம். போட்டால் வழி தெரிந்து இன்னும் நாலு பேர் வருவார்கள் என்றார் ஒருவர், போடாவிட்டால் மட்டும் வழி தெரியாதா என்றார் இன்னொருவர். போட்டார்கள். காலனித் தெருவுக்கு என்ன பெயர் எழுதுவது என்றபோது கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தெருப் பெண் ஒருவர் பேனாவை வாங்கி, பலகையில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, தங்கள் வீடுகளில் புழங்கும் பெயரை எழுதினார். அதுவே வரைபடத்தில் இருக்கிறது.

"அப்பர் தெக்கிற வூட்டையும் போடட்டுமா?" என்று கேட்டேன். செருப்புத் தொழிலுக்கென்று ஒரு குறிச்சொல் உண்டு.

சின்னம்மா யோசித்தார். "ஜோடிக்கு இன்னா கூலின்னு எழுத எடம் கீதா அதுல?"

இல்லை என்றேன்.

"அப்ப வுடு."

விளக்கில்லாத இடங்களை நான்கு பெண்கள் அந்தத் தாளிலேயே சிவப்பில் குறித்து, கிராமசபைக்கு எடுத்துப்போனார்கள். வேன் நிற்கிற இடத்துக்கு விளக்கு வந்துவிட்டது. விளக்கு உண்டு என்று நான்தான் திருத்தினேன். கிணறுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சின்னம்மாவின் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மடிக்கணினியை எடுத்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தெருக்களை வரைகிறாள். போன வாரம் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது விட்டுப்போச்சு" என்று கேட்டாள். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன்.