ஒற்றைச் சக்கரத்தில் ஏறிய மனிதர்

சென்ற ஆண்டு கோடையில், லண்டனில் பணிபுரியும் என் மைத்துனர் இல்லத்தில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் அருளினான். ஒரு சனிக்கிழமை, ரீஜண்ட்ஸ் பூங்காவை ஒட்டியுள்ள பள்ளிவாசலில் லுஹர் தொழுதபின், மைத்துனரின் ஒன்பது வயது மகன் கோவன்ட் கார்டனுக்கு என்னை அழைத்துச் சென்றான்.

நெடுங்காலம் காய்கனிச் சந்தையாக இருந்த இடம் அது. சந்தை 1974இல் நைன் எல்ம்ஸ் பகுதிக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடம் 1980இல் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. மேற்கே, தேவாலயத் தூண்களின் முன்னுள்ள கல் முற்றமே வித்தைக்காரர்களின் அரங்கு. சாமுவேல் பெப்பிஸ் என்பவர் 1662இல் இங்கே பொம்மலாட்டம் கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

உஸ்தாது வேடிக்கை பார்த்து நிற்கலாமா என்று சற்றே தயங்கினேன். பெருநாளன்று அபிசீனியர் ஈட்டி விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டிய வரலாறு நினைவுக்கு வந்தது. நின்றுவிட்டேன்.

முதலில் சிறிய ஒற்றைச் சக்கர சைக்கிள். நம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருளும். இதில் மிதிகட்டை சக்கரத்தின் அச்சிலேயே பிணைந்திருப்பதால், கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். ஓரிடத்தில் இருக்க வேண்டுமானால் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

வித்தைக்காரர் ஏறப் போனார், விழுந்தார். ஓடிவந்து ஏறினார், சக்கரம் நழுவியது. மறுபுறமாக ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். சிரிப்பு அடங்கவில்லை. நான்காம் முறைதான் ஒன்றைக் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் அவர் காலூன்றியே இறங்கினார், இருக்கை தரையைத் தொடுமுன் அவர் கை அதைப் பிடித்திருந்தது. ஏறத் தெரியாதவர்போல் ஏறுவதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டுமோ!

அடுத்தது ஆளுயரச் சைக்கிள். மேலிருக்கும் மிதிகட்டையிலிருந்து கீழேயுள்ள சக்கரத்துக்குச் சங்கிலி ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளக் கூட்டத்திலிருந்து இருவரை அழைத்தார். ஒருவர் பருத்த உடலினர், வயதானவர். அவர் கை நடுங்கியது. பின்வரிசையில் சிலர் நகைத்தார்கள். வித்தைக்காரர் உடனே தம் காற்சட்டை எங்கோ மாட்டிக்கொண்டதாகப் பாவனை செய்து, தலைகீழாகத் தொங்கினார். நகைப்பு முழுவதும் அவர்மீதே திரும்பியது. பெரியவரும் வாய்விட்டுச் சிரித்தார். கை நடுக்கம் நின்றிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மதரஸாவில் ஒரு சிறுவன் ஓதும்போது திக்குவான். ஒருநாள் மற்ற பிள்ளைகள் நகைத்தனர். அதட்ட வேண்டிய நானும் புன்னகைத்துவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. ஆள் அனுப்பினேனே தவிர, நான் போகவில்லை.

“மாமா, அவர் நிஜமாகவே விழுந்தாரா?” என்றான் மருமகன்.

“இல்லை வாப்பா, இறங்கினார்” என்றேன். கையிலிருந்த ஐந்து பவுண்டு நோட்டைத் தொப்பியில் இட்டேன்.

ஊர் திரும்பியபின், ஓர் அஸர் தொழுகைக்குப்பின் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் இருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு ஸலாம் கூறினேன். திக்கித் திக்கி அவன் பதில் ஸலாம் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.